பொப்பிப்பூ விற்ற வெள்ளிக்கிழமை

பதினேழு வருடமாக இராஜேஸ்வரி தலையில் பூ வைத்ததில்லை. கணவனை இழந்தவள், அதனால் வைக்கவில்லை என்று சிட்னியில் வென்ட்வேர்த்வில் தமிழ்ச் சனம் நினைத்துக்கொண்டிருந்தது. நல்ல அடக்கமான மனுசி என்று நாலு பேர் மெச்சியும் இருக்கிறார்கள். சனத்துக்கென்ன, மெச்சுவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் விடுமா? உள்ள சங்கதி வேறு. அது அடக்கமும் இல்லை, ஆசாரமும் இல்லை. சுத்தமான கோபம்.

அந்தக் கோபம் பிறந்தது கொக்குவிலில், 1988ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். அவளுடைய கணவன் மகேந்திரராஜாவுக்குத் தபாற்கந்தோரில் வேலை. ஊர் முழுக்கச் சண்டையில் செத்துக்கொண்டிருந்த காலத்தில் மனுசன் ஒரு குண்டுக்கும் அகப்படாமல், சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பர் படித்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இராஜேஸ்வரி அப்போதுதான் பிள்ளையார் கோயிலால் வந்திருந்தாள். கொண்டையில் மல்லிகைச் சரம். அரைமணி நேரத்துக்குள் வீடு சனத்தால் நிறைந்துவிட்டது. மகேந்திரராஜாவின் அக்கா பவளம் மச்சாள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். திரும்பி இராஜேஸ்வரியைப் பார்த்தார். நேரே வந்து, கொண்டையில் கைவைத்து, அந்தச் சரத்தைப் பிடுங்கி எறிந்தார். ஒரு பிடி மயிரும் சேர்ந்து போனது.

முறைப்படி எடுப்பதற்கு அடுத்த நாள் இருந்தது. ஐயர் வந்து கிரியை செய்து, அதற்கென்று உள்ள நேரத்தில் எடுத்திருந்தால் இராஜேஸ்வரி தானாகவே தலையைக் குனிந்து கொடுத்திருப்பாள். சம்பிரதாயத்தோடு அவளுக்குச் சண்டை இல்லை. மனுசனின் உடம்பு சூடாறமுன்னம், ஊர் பார்க்க, ஏதோ களவெடுத்த பொருளைப் பறிப்பதுபோலப் பறித்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பிடுங்கினவர் வந்து வைத்தாலொழிய இந்தத் தலையில் இனிப் பூ ஏறாது என்று அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னால் சொன்னதுதான். இராஜேஸ்வரியின் பிடிவாதம் அப்படிப்பட்டது.

பிறகு காலம் இரண்டு பேரையும் சிட்னிக்குக் கொண்டுவந்து போட்டது. மகள் யோகாவின் பின்னால் இராஜேஸ்வரி வந்து வென்ட்வேர்த்வில்லில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் குடியேறினாள். மகனின் பின்னால் பவளம் மச்சாள் வந்து மெரிலேண்ட்ஸில் இருந்தார். கலியாண வீடு, சாமத்திய வீடு, முருகன் கோயில் என்று எல்லா இடத்திலும் சந்தித்துக்கொள்வார்கள். கதைக்காமல் இல்லை. முழங்கால் வலி, மரக்கறி விலை, ஆர் வீட்டுப் பிள்ளை ஆரோடு போனது, எல்லாம் கதைப்பார்கள். வருடத்துக்கு நாலு தரம் பவளம் மச்சாள் எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டுப் போத்தலில் அனுப்புவார். வெறும் போத்தல் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று இராஜேஸ்வரி அதில் பருத்தித்துறை வடையை நிரப்பித் திருப்பி அனுப்புவாள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறந்ததில்லை. "ஏன் பிடுங்கினீங்கள்?" என்ற ஒரேயொரு கேள்வி இராஜேஸ்வரியின் நாக்கு நுனியில் பதினேழு வருடமாகக் கிடந்தது.

"இந்தக் காலத்திலை ஆரம்மா அதெல்லாம் பாக்கினம்? எங்கட வெடிங்குக்கும் வைக்கேல்லை. ஒரு துண்டுப் பூ வையுங்கோவன்," என்று யோகா எத்தனையோ தரம் கெஞ்சிவிட்டாள்.

"பிடுங்கின ஆள் மெரிலேண்ட்ஸிலை இருக்கிறா. அவவைப் போய்க் கேள்."

யோகா போய்க் கேட்கவில்லை. பவளம் மாமியிடம் போய் அப்படிக் கேட்க அவளுக்கென்ன விசரா?

இப்படியே போயிருக்கும். 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் தொடக்கத்தில் கீழ்வீட்டு ஜோய்ஸ் குளியலறையில் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டதுதான் எல்லாவற்றையும் கிளறிவிட்டது.

ஜோய்ஸுக்கு எண்பத்திரண்டு வயது. இராஜேஸ்வரிக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் சிநேகிதி. இராஜேஸ்வரியின் இங்கிலீசைக் கேட்டுச் சிரிக்காத ஒரே வெள்ளைக்காரியும் அவர்தான். அவருடைய தம்பி லென் பத்தொன்பது வயதில் நியூகினிக் காட்டுக்குச் சண்டைக்குப் போனவன். திரும்பி வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. வருடம் தவறாமல் நவம்பர் பதினோராம் திகதி, போரில் செத்தவர்களை நினைக்கிற நாளில், ஜோய்ஸ் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் வாசலில் கழுத்தில் தட்டைக் கொழுவிக்கொண்டு பொப்பிப்பூ விற்பார். சிவப்புக் கடதாசிப்பூ, நடுவில் கறுப்புப் பொட்டு, பின்னால் ஒரு குண்டூசி. வாங்குகிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொண்டு போவார்கள். காசு பழைய படைவீரருக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் போகும். முப்பத்தொரு வருடம் ஒருமுறைகூடத் தவறவிடாத மனுசி, இந்த முறை கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூ விற்கிற எங்கள் சங்கத்தில் மிச்சம் நாலு பேர்தான் இருக்கிறோம், ராஜ். அதில் இரண்டு பேருக்கு நிற்கவே முடியாது. என்னுடைய இடம் இந்த வருடம் காலிதான்," என்றார் ஜோய்ஸ்.

"நான் நிற்கிறேன்," என்று இராஜேஸ்வரி சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்லவில்லை. அவளுடைய நாக்கு எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடுகிற சாதி.

ஜோய்ஸின் முகம் மலர்ந்ததைப் பார்க்க இராஜேஸ்வரிக்கும் சந்தோசமாக இருந்தது. தட்டை எப்படிக் கொழுவுவது, காசுப்பெட்டியை எங்கே வைப்பது, கூவி விற்கக்கூடாது, வாங்காதவர்களை முறைக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் ஜோய்ஸ் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் ஒரு பூவை எடுத்து, "முதல் பூ விற்கிறவளுக்கு. அதுதான் வழக்கம். கிட்ட வா, நான் குத்திவிடுகிறேன்," என்று கையை நீட்டினார்.

இராஜேஸ்வரி ஓரடி பின்னால் போனாள். வேண்டுமென்று போகவில்லை, கால் தன்பாட்டில் போய்விட்டது.

ஜோய்ஸின் கை அப்படியே நின்றது. "உங்கள் சமயத்தில் கூடாதென்றால் பரவாயில்லை," என்று மெல்லச் சொன்னார். முகத்தில் மட்டும் ஏதோ வாடிவிட்டது.

"இல்லை, இல்லை. நாளைக்குக் குத்துவேன். சத்தியமாக," என்றாள் இராஜேஸ்வரி. பதினேழு வருடக் கதையைச் சொல்ல அவளிடம் இங்கிலீசு இருக்கவில்லை. மேலே தன் வீட்டுக்குப் படியேறும்போது அதே யோசனைதான். லென்னுக்கு மரியாதை கொடுக்க மனமில்லாதவள் என்று ஜோய்ஸ் நினைத்துவிட்டால்? தன் கோபத்தில் அந்தப் பெடியனுக்கு என்ன பங்கு?

மகளுக்கு டெலிபோன் எடுத்தாள். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் பேப்பர். தலையிலை வைக்கிற பூவே இல்லை அது," என்றாள் யோகா.

"பூவெண்டால் பூதான். அதோடை நாளைக்கு வெள்ளிக்கிழமை. பதினொரு மணி ராகு காலம்."

"செத்த ஆக்களுக்கு என்னம்மா ராகு காலம்?"

பதில் சொல்லத் தெரியாவிட்டால் இராஜேஸ்வரி போனை வைத்துவிடுவாள். வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே இராஜேஸ்வரி நல்ல மண்ணிறச் சேலை உடுத்து, கொண்டையை இறுக்கி முடிந்து, தட்டைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்றாள். மற்றப் பக்கத்தில் கென் என்கிற பழைய படைவீரர், கோட்டில் பதக்கங்களோடு, காலடியில் ஒரு கசெட் ரேடியோவோடு நின்றார். பதினொரு மணிக்கு ஊதுகுழல் இசை போடுவது அவருடைய பொறுப்பு.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. வேலைக்கு ஓடுகிற தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம், "அன்ரி, நீங்களோ! என்ன இது?" என்று நின்றார்கள். நின்றவர்கள் வாங்காமல் போகவில்லை. அன்ரிக்கு இல்லையென்று சொல்லிவிட்டு அடுத்த கலியாண வீட்டில் எப்படி முகம் கொடுப்பது? சென்னையிலிருந்து வந்து ஆறுமாதம்கூட ஆகாத வெங்கட்ராமன் என்ற பெடியன் மட்டும் கிட்ட வந்து தயங்கினான்.

"என்ன ஆன்ட்டி, எலெக்‌ஷனா? எந்தக் கட்சி?"

"கட்சி இல்லைத் தம்பி. சண்டையிலை செத்த ஆக்களுக்கு."

"ஓ, அப்படியா! குடுங்க ஆன்ட்டி, குத்திக்கிறேன்," என்று இரண்டு வாங்கினான். ஒன்றைச் சட்டையிலும் மற்றதைக் கணினிப் பையிலும் குத்திக்கொண்டு ரயிலுக்கு ஓடினான்.

எட்டரை மணிக்கு ஒரு வெள்ளைக்கார மனுசன் பூவைக் கையில் எடுத்து, இராஜேஸ்வரியின் நெஞ்சைப் பார்த்து, "உனக்கு வேண்டாத பூ எனக்கு எதற்கு?" என்று தட்டில் திருப்பிப் போட்டுவிட்டுப் போனான். அவளுக்குச் சுரீரென்றது. கென் கேட்டும் கேளாததுபோல நின்றுவிட்டு, கொஞ்சம் கழித்து வந்து, "ராஜ், நீயும் ஒன்றைக் குத்திக்கொள்ளேன்," என்றார்.

"கடைசியில்," என்றாள்.

ஆட்கள் குறைந்த நேரத்தில் ஒரு பூவைக் கையில் எடுத்தும் பார்த்தாள். லென்னை நினைத்துக்கொண்டாள், ஜோய்ஸின் வாடின முகத்தை நினைத்துக்கொண்டாள். பூவைச் சேலையின் தோள்பக்கம் வரைக்கும் கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்துக் கொண்டை மயிர் வலித்தது. பதினேழு வருடத்துக்கு முந்தின வலி, அச்சொட்டாக அதே இடத்தில். பூவைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டாள். தன்னைப் பார்க்கத் தனக்கே வெட்கமாக இருந்தது. நேரம் பத்தே முக்கால் தாண்டியிருந்தது.

அப்போதுதான் படியால் பவளம் மச்சாள் இறங்கி வந்தார்.

எழுபத்தாறு வயது. வெள்ளைச் சேலை, நெற்றியில் மூன்று குறி விபூதி, கையில் சாமான் பை. வெள்ளிக்கிழமைகளில் முருங்கையிலை வாங்க இந்தப் பக்கம் வருவது அவருடைய வழக்கம். அவரும் நாலு வருடமாகக் கணவன் இல்லாதவர். ஆசாரம் என்றால் அவர்தான். வெங்காயம் இல்லாத சாம்பார்கூட அவருக்கு மட்டும் தனிச்சட்டியில் கொதிக்கும். அப்பேர்ப்பட்ட மச்சாளின் வெள்ளைச் சேலையில், இடது தோளுக்குக் கீழே, சிவப்பாக ஒரு பொப்பிப்பூ.

இராஜேஸ்வரி கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். பூதான்.

"என்ன மச்சாள், பூவெல்லாம் பலமாக் கிடக்கு?"

பவளம் மச்சாள் குனிந்து பார்த்துவிட்டுக் கூச்சப்பட்டார். "இதோ? பரமட்டாவிலை ரெயின் மாறேக்கை ஒரு கிழவன் குத்திப்போட்டான். வேண்டாமெண்டு சொல்ல எனக்கு இங்கிலீசு வரேல்லை. நீயென்ன தட்டோடை நிக்கிறாய்?"

இராஜேஸ்வரிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேறு நாளென்றால் வந்திருக்கும். ஆனால் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"உங்களுக்கெண்டால் இங்கிலீசு வரேல்லை. எனக்கெண்டால் மட்டும் கை வந்துதோ?"

பவளம் மச்சாளின் முகம் இறுகியது. என்ன கதை என்று விளங்காதது போல நடிக்க அவருக்குத் தெரியவில்லை.

"ராசேஸ், றோட்டிலை நிண்டு…"

"அண்டைக்கு ஏன் மச்சாள் பிடுங்கினீங்கள்? அடுத்த நாள் எடுக்கிறதுதானே? நான் என்ன தரமாட்டன் எண்டோ சொன்னன்? ஏன் பிடுங்கினீங்கள்?"

கேட்டுவிட்டாள். நாக்கு நுனியில் கிடந்தது வெளியே விழுந்துவிட்டது. பவளம் மச்சாள் வாயைத் திறந்தார்.

ஊதுகுழல் ஒலித்தது.

கென் ரேடியோவின் பொத்தானை அழுத்தியிருந்தார். பதினொரு மணி. இசை முடிந்ததும் ஒரு நிமிட மௌனம். படியால் இறங்கியவர்கள் இறங்கின இடத்தில் நின்றார்கள். கோப்பியோடு ஓடியவன் நின்றான். கடையிலிருந்து வந்த இரண்டு தமிழ்ப் பெண்களும் பையை நிலத்தில் வைத்துவிட்டு நின்றார்கள். கென் தொப்பியைக் கழற்றிவிட்டு விறைப்பாக நின்றார். பவளம் மச்சாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான்…" என்று தொடங்கினார். இராஜேஸ்வரி விரலை வாயில் வைத்துக் காட்டினாள். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலைத் தானே தடுத்துக்கொண்டு நிற்கவேண்டியதாகிப் போயிற்று.

ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. முதலில் கோபமாகத்தான் நின்றாள். பிறகு, வந்த வேலையை நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு லென்னை நினைக்க முயன்றாள். அவனுடைய முகம் தெரியாது. ஜோய்ஸின் முகம்தான் வந்தது. அறுபது வருடத்துக்குப் பிறகும் தம்பியின் பெயரைச் சொல்லும்போது அந்த மனுசியின் உதடு நடுங்கும். ஒரு அக்காவுக்குத் தம்பி என்றால் அப்படித்தான்.

கண்ணைத் திறந்தாள். எதிரே பவளம் மச்சாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தோளிலே கிடந்த பூ மூச்சோடு சேர்ந்து ஆடியது. கன்னத்தால் கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல், எல்லாரும் அசையாமல் நிற்பதால் தானும் அசையாமல் நின்றார். இராஜேஸ்வரிக்கு அப்போதுதான் அது உறைத்தது. அன்றைக்குச் சாய்மனைக் கதிரையில் கிடந்தது தன்னுடைய கணவன் என்றுதான் பதினேழு வருடமாக நினைத்திருக்கிறாள். அது இன்னொருத்தியின் தம்பி என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

மௌனம் முடிந்து சனம் நடக்கத் தொடங்கியது. பவளம் மச்சாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அம்மா செத்தாப்பிறகு அவனுக்குத் தலை இழுத்து, வகிடு பிரிச்சு விட்டது நான். சோறு தீத்தினது நான். என்ர கையிலை வளந்தவன், ராசேஸ். வந்து பாத்தன், அவன் செத்துக் கிடக்கிறான். நீ பூவோடை வடிவா நிக்கிறாய். ஆரையாவது அடிக்கவேணும்போலை கிடந்தது. கடவுளை எட்டேலாது. நீ கிட்ட நிண்டாய்."

இராஜேஸ்வரி தட்டில் சரிந்து கிடந்த பூக்களை நிமிர்த்தி வைத்தாள்.

"பிழைதான். பிடுங்கின கையோடையே தெரியும் எனக்குப் பிழையெண்டு."

"பிறகு ஏன் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

"நான் கேக்கவேணுமோ?"

"எனக்குச் சொல்ல வரேல்லையடி. பதினேழு வருசமா ஊறுகாய் தந்தன். வேறை என்னெண்டு சொல்லுறது?"

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று இராஜேஸ்வரிக்கு வந்தது. சிரிப்பென்றே விட்டுவிட்டாள். எலுமிச்சங்காய்க்குள் இப்படியொரு சங்கதி ஊறிக்கொண்டிருந்தது என்று ஆர் கண்டது!

"நீ ஏன் இன்னும் குத்தேல்லை? விக்கிற ஆள் வெறுமையா நிக்கிறாய்," என்றார் பவளம் மச்சாள்.

"குத்தத்தான் வேணும். ஜோய்ஸுக்குச் சத்தியம் பண்ணிப்போட்டன்."

"ஆரது ஜோய்ஸ்?"

"என்ர சிநேகிதி. கீழ்வீட்டிலை படுக்கையாக் கிடக்கிறா. அவவும் ஒரு தம்பியைக் குடுத்தவ. போகேக்கை வாங்கோ, பாத்திட்டுப் போவம்."

பவளம் மச்சாள் தலையாட்டினார். தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்தார். தன் சேலையைக் குனிந்து பார்த்து, எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு, இராஜேஸ்வரியின் இடது தோளை நோக்கிக் கையைக் கொண்டுவந்தார்.

இராஜேஸ்வரி தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பி, முதுகைக் காட்டி நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடித்துத் தலையைத் தாழ்த்தினாள்.

"எடுத்த இடத்திலை வையுங்கோ, மச்சாள்."

"எல்லாரும் நெஞ்சிலையெல்லே குத்தியிருக்கினம்?"

"இருக்கட்டும்."

"சனம் பாக்குதடி."

"அண்டைக்கும் பாத்தது."

சனம் பார்க்கத்தான் செய்தது. கென் தொப்பியைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார். பவளம் மச்சாள் சாமான் பையை நிலத்தில் வைத்தார். ஒரு கையால் கொண்டையைத் தாங்கிப் பிடித்து, மற்றக் கையால் அந்தச் சிவப்புப் பூவை மெல்லச் செருகினார். ஊசி தலையில் குத்திவிடும் என்று பயந்து, ஊசிக்கும் தலைக்கும் நடுவில் தன்னுடைய விரலை வைத்துக்கொண்டார்.